எத்தனை வரி மாறியது என்பது கேள்வியே இல்லை

டெபியனில் அப்டேட் போடும்போது ஆப்ட் ஒரு கணக்கு சொல்லும்: இத்தனை பேக்கேஜ் மாறும், இத்தனை எம்பி இறங்கும், டிஸ்க்கில் இவ்வளவு கூடும். பிறகு, தொடரலாமா என்று கேட்கும். நானும் எல்லாரையும் போல சரின்னு தட்டிவிடுகிற ஆள்தான். ஆனால் உள்ளே என்ன மாறியது என்பதற்கு எம்பி ஒரு பதிலா?

வெர்ஷன் எண்ணும் பதில் இல்லை. கடைசி எண் மட்டும் ஏறினால் 'சின்னப் பழுதுதான் பார்த்தோம்' என்று அர்த்தம். அது எழுதியவர் தரும் வாக்கு, அளவீடு அல்ல.

சரி, டிஃப் எடுத்து மாறிய வரிகளை எண்ணலாமே? இங்கேதான் 2024-ல் நடந்த எக்ஸ்-இசட் விவகாரம் உதைக்கிறது. அந்தச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 இரண்டிலும் பின்வாசல் இருந்தது. விஷம் சோதனைக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. அவை பைனரி என்பதால் 'மாறியிருக்கிறது' என்பதற்கு மேல் டிஃப் எதுவும் சொல்லாது. அதை எழுப்பிவிடும் வரிகளோ கிட்டிலேயே இல்லை, வெளியீட்டு டார்பாலில் மட்டும்தான். கிட்டில் எவ்வளவு கவனமாக எண்ணினாலும் அந்த இடத்தில் பூஜ்ஜியம்தான் வரும்.

டார்பாலையும் கிட்டையும் ஒப்பிட்டால்? ஆட்டோகான்ஃப் உருவாக்கும் கோப்புகளால் வித்தியாசம் எப்போதும் குவியலாகத்தான் இருக்கும். அந்தக் குவியல்தான் மறைவிடம்.

டிஃபோஸ்கோப் எனக்குப் பிடித்த கருவி. டெப் கோப்பைப் பிரித்து, அதற்குள் இருப்பதையும் பிரித்து, இயந்திர மொழி வரை இறங்கி ஒப்பிடும். ஆனால் கம்பைலர் மாறினாலே வெள்ளமாகக் கொட்டும். ரீப்ரொட்யூசிபிள் பில்ட்ஸ்காரர்கள் தேதி, நேரம் போன்ற இரைச்சலை நீக்கியது பெரிய வேலை. இருந்தாலும் இதில் அது உதவாது: அதே கெட்ட டார்பாலை யார் கட்டினாலும் அதே கெட்ட பைனரிதானே வரும்!

கடைசியில் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் டெவலப்பர். எஸ்எஸ்ஹெச் லாகின் சுமார் அரை விநாடி தாமதமானதும், வால்கிரைண்ட் காட்டிய பிழைகளும் அவரை உறுத்தின. அவர் அளந்தது வரிகளை இல்லை, நடத்தையை.

திருத்தப்பட்ட அந்த பில்ட் கோப்பு க்னூலிப் பொதுத் தொகுப்பிலும் இருப்பதுதான். அசலோடு வைத்துப் பார்த்திருந்தால் பளிச்சென்று தெரிந்திருக்கும். எதை எதோடு ஒப்பிட்டோம் என்று சொல்லாமல் 'மாற்றம் இத்தனை சதவீதம்' என்று போடும் அட்டவணையை நான் இனி நம்பப்போவதில்லை.