தத்துவத்தில் முதல் பாடம் எது?

பல்கலைக்கழகத்தில் தத்துவம் எடுக்கும் மாணவருக்குப் பெரும்பாலும் வரலாறுதான் முதலில் வாய்க்கிறது. தேலீஸில் தொடங்கி பிளேட்டோ, டெகார்ட், ஹியூம் என்று வரிசையாக நடத்துவார்கள். அதற்கு நியாயம் உண்டு. தத்துவத்தில் ஒருவர் பேச்சு இன்னொருவருக்கான மறுமொழி. காரண காரியத் தொடர்பைப் பற்றி ஹியூம் கிளப்பிய ஐயம் தெரியாவிட்டால், 1781இல் கான்ட் அத்தனை பெரிய நூலை எதற்கு எழுதினார் என்றே பிடிபடாது.

ஆனால் வேகம் கெடுக்கிறது. 'எல்லாவற்றுக்கும் மூலம் நீர்' என்ற ஒரு வரியோடு தேலீஸ் சிறுகுறிப்பாகிவிடுகிறார். அவர் ஏன் அப்படிச் சொன்னார், எப்படி மறுக்கலாம் என்று கேட்க நேரமில்லை. கருத்துகள் மனப்பாடமாகின்றன; வாதிடும் பழக்கம் வருவதில்லை.

இந்த இடத்தில் 'மணிமேகலை' காப்பியத்தின் நாயகி மணிமேகலை நினைவுக்கு வருகிறாள். வஞ்சியில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் அவள் கொள்கை கேட்கிறாள். முதலில் பேசுபவன் அளவைவாதி: எதைக் கொண்டு அறிவது என்பதே அவன் பாடம். காஞ்சியில் அவளுடைய பௌத்த ஆசான் அறவண அடிகளும் 29ஆம் காதையில் தருக்கத்தை விரித்த பிறகே, பௌத்தத்தின் சார்புத் தோற்றக் கொள்கைக்கு அடுத்த காதையில் போகிறார். மலையில் தீ இருக்கிறது, புகை தெரிவதால், அடுக்களையில் போல: இந்த எளிய அனுமானத்தைப் பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் வரும் போலிகளையும் அடிகள் அடுக்குகிறார். இதை ஒருமுறை பிரித்துப் பார்த்தவர், அடுத்து எந்தத் தத்துவவாதியைப் படித்தாலும் 'ஏது எங்கே?' என்று தேடுவார்.

தருக்கத்தை மட்டும் முதலில் எடுப்பதிலும் ஆபத்து உண்டு. இன்றைய வகுப்பில் அது பி, க்யூ என்ற குறியீடுகளோடும் மெய்ம்மை அட்டவணைகளோடும் வருகிறது. எதற்காக இந்தப் பயிற்சி என்று தெரியாமல் பலர் சலித்துப்போகிறார்கள். மணிமேகலைக்கு அந்தச் சலிப்பு இல்லை. பிறப்பும் வினையும் பற்றிய கேள்வியை அவள் தன் வாழ்விலிருந்தே கொண்டுவந்திருந்தாள். ஆக்ஸ்ஃபோர்டில் முதலாண்டிலேயே தருக்கத்தோடு பொதுத் தத்துவத்தையும் அறவியலையும் சேர்த்து வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. கருவியும் அதற்கு வேலையும் ஒருசேரக் கிடைக்கின்றன.

தேர்வு உங்கள் கையில் இருந்தால், முதல் பருவத்தில் தருக்கத்தை எடுங்கள். கூடவே அறவியலோ அறிவுக்கோட்பாடோ, உங்களை உறுத்தும் கேள்வி எதில் இருக்கிறதோ அதை எடுங்கள். வரலாறு இரண்டாம் ஆண்டுக்குக் காத்திருக்கட்டும்.