மறையுரை கேட்டுச் சினந்த தந்தை

இத்தாலிய இயக்குநர் நன்னி மொரெத்தியின் ‘மகனின் அறை’ என்னும் திரைப்படம் 2001ஆம் ஆண்டு கான் விழாவில் முதற்பரிசான தங்கப் பனை விருதைப் பெற்றது. நடிகை லிவ் உல்மன் அவ்வாண்டு நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். எனினும் திறனாய்வாளர் அனைவரும் ஒருமனப்பட்டனர் என்பதற்கில்லை. எள்ளலுக்கும் அரசியற் கூர்மைக்கும் பெயர்பெற்ற மொரெத்தி, குடும்பக் கண்ணீர்க் கதைக்குள் ஒதுங்கிவிட்டார் என்றனர் சிலர். மைக்கேல் ஹனெக்கே, டேவிட் லிஞ்ச் ஆகியோரின் துணிச்சலான படைப்புகள் அதே விழாவில் இருக்க, இவ்வளவு அடக்கமான படத்திற்கா முதற்பரிசு என்ற வினாவும் எழுந்தது.

அடக்கம் குறையா, நிறையா என்பதைக் கதையே உரைக்கட்டும். அங்கோனா என்னும் துறைமுக நகரில் வாழும் ஜொவான்னி ஓர் உளப்பகுப்பு மருத்துவர். ஒரு ஞாயிறு காலை மகன் அந்திரேயாவோடு ஓடச் செல்ல எண்ணியிருக்கிறார். அவ்வேளையில் நோயாளி ஒருவர் கலங்கிய குரலில் தொலைபேசியில் அழைக்கவே, அவரைக் காணப் புறப்படுகிறார். நண்பர்களோடு கடலில் முக்குளிக்கச் சென்ற மகன் உயிரோடு திரும்பவில்லை. பிறர் துயரைக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவர், அன்று முதல் கேட்கும் ஆற்றலை இழக்கிறார். மனைவி பவுலா தம் துயரில் தனித்து நிற்க, மகள் ஈரேனே இருவரையும் தாங்க முயன்று தளர்கிறாள். ஒரே வீட்டில் மூவருக்கும் மூன்று துக்கங்கள். இழப்பு குடும்பத்தை ஒன்றுசேர்க்கும் என்னும் வழக்கமான பொய்யை இப்படம் சொல்லவில்லை. சவப்பெட்டியை மூடித் திருகாணிகளை முடுக்கும் ஓசையைக் கேட்டவர், இதனை மலிவான கண்ணீர்க் கதை என்று எவ்வாறு கூற இயலும்?

நம்மை உலுக்கிய காட்சி வேறொன்று. மகனுக்காக ஒப்புக்கொடுக்கப்படும் திருப்பலியில் குருவானவர், திருடன் வரும் நேரத்தை வீட்டுத் தலைவன் அறியான் என்னும் நற்செய்திக் கருத்தை நினைவுகூர்கிறார். வீடு திரும்பிய தந்தை வெகுண்டு, இதற்கு என்ன பொருள் என்று கேட்கிறார். இதனைத் திருச்சபையின் மீதான தாக்குதல் என்று நம்மவர் கொள்ளக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. விழித்திருக்குமாறு சீடர்க்கு உரைத்த எச்சரிக்கை அது. பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு அதையே ஆறுதலாக நீட்டும்போது, காவலிருக்கத் தவறினாய் என்ற குற்றச்சாட்டாகவே அவர் செவியில் விழும். மகனை விட்டு நோயாளியிடம் சென்ற தந்தைக்கோ அது ஆறாப் புண்ணில் பட்ட வேல்.

அந்தக் குரு தீயவர் அல்லர். வாசகத்தை அறிந்தவர், எதிரே அமர்ந்திருந்தவரை அறியாதவர். எத்தனை சவப்பெட்டிகளின் முன்னே நாமும் அதே சொற்களைச் சொல்லியிருக்கிறோம் என்று எண்ணுகையில் நெஞ்சம் கூசுகிறது. யோபின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறவாது உடன் அமர்ந்திருந்தபோது நண்பர்களாகவே இருந்தனர். விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினர். இலாசரை எழுப்பப் போவதை அறிந்திருந்த ஆண்டவரும் கல்லறைக்குச் செல்லும் வழியில் முதலில் கண்ணீர் சிந்தினார்.

படத்தின் இறுதியில் ஆறுதல் வருவது விளக்கமாக அன்று. மகன் விரும்பிய அரியன்னா என்னும் பெண்ணையும் அவள் தோழனையும் அக்குடும்பம் இரவெல்லாம் காரில் அழைத்துச் சென்று பிரெஞ்சு எல்லையில் விடுகிறது. விடியற்காலைக் கடற்கரையில் மூவரும் சற்று விலகி விலகி நடக்கின்றனர். உயிர்ப்பைப் பற்றிய ஒரு சொல்லும் அங்கில்லை. ஆயினும் பிறர் பிள்ளைகளுக்காகக் கண்விழித்த அவ்விரவில், அவர்களுடைய துக்கம் முதன்முறையாகக் கதவைத் திறக்கிறது.

இதனை மென்மை என்று குறைகூறியோர், மென்மைக்கு வேண்டிய துணிவை அளந்தாரில்லை என்பது நம் துணிபு. அடுத்த முறை இளையோர் ஒருவரின் உடலருகே நிற்கையில் நம் மறையுரை சுருங்குமாயின், அதற்காக இப்படத்திற்கு நாம் கடன்பட்டவர்கள்.