மருவூர்ப்பாக்கமும் ஒளிப்படக் கருவியும்

நகரங்களையும் நெடும்பயணங்களையும் பொருளாகக் கொண்ட ஒளிப்படங்களும் காணொளிகளும் இக்காலத்து அளவிறந்து பெருகியுள்ளன. இவற்றைத் திறனாய்வுக்கு உரியனவாகத் தமிழ்த்துறையினர் பெரும்பாலும் கருதுவதில்லை. சொல்லால் ஆயதே நமக்குரியது, ஒளியால் ஆயது பிறர்க்குரியது என்பர். இக்கூற்று ஓரளவே பொருந்தும். ஒரு நகரை எங்கு நின்று காண்பது, எதனை முன் வைப்பது, எதனை விடுப்பது என்னும் வினாக்களுக்குச் சங்ககாலந்தொட்டு விடை கூறிவருவது தமிழிலக்கியம். கையில் உள்ள அவ்வளவுகோலைப் பயன்படுத்தாது விடுதல் நமக்கே இழப்பாகும்.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் ஆகிய இரண்டன் இயல்பு என வரையறுத்தார் தொல்காப்பியர். நகர் கூறும் பாட்டுக்கும் இவ்விரண்டும் வேண்டும் என்பதை மாங்குடி மருதனார் நன்கு உணர்ந்திருந்தார். 782 அடிகளால் இயன்ற மதுரைக்காஞ்சியில் மதுரை அசையாது நிற்பதில்லை. பகற்கடை ஒடுங்கி அல்லங்காடி எழுகின்றது, யாமந்தோறும் தெருவில் திரிவோர் மாறுகின்றனர், கள்வரும் அவரைத் தேடும் ஊர்காவலரும் நள்ளிரவில் தோன்றுகின்றனர், பின் விடிகின்றது. நகர் என்பது அங்கு ஓர் இடம் மட்டுமன்று, ஒரு நாளும் ஆகும்.

இளங்கோவடிகள் இதனோடு மற்றொன்றையும் சேர்த்தார். இந்திரவிழவூர் எடுத்த காதையில் புகாரை இரு கூறாக்கி, மருவூர்ப்பாக்கத்தை முன்னும் பட்டினப்பாக்கத்தைப் பின்னும் வைத்தார். முன்னது நெய்வோர், கொல்லர், தச்சர், தோல் தைப்போர், மீனும் உப்பும் விற்போர், கடல் கடந்து வந்த பன்மொழியாளர் ஆகியோர் வாழும் பகுதி. பின்னது அரசவீதியும் தேர்வீதியும் உடையது. கைத்தொழிலாளர் தெருவைக் காட்டிய பின்னரே அரசன் தெருவைக் காட்டினார் அடிகள். இவ்வைப்புமுறையைத் தற்செயல் என்று கொள்ள என்னால் இயலவில்லை. இதனையே ஈண்டு அளவுகோலாகக் கொள்கின்றேன்.

தமிழ்நாட்டு நகரங்களை ஒளிப்படத்தால் முறையாகப் பதிந்தோருள் முற்பட்டவர் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பெற்ற இப்படைத்தலைவர், 1857ஆம் ஆண்டின் இறுதியிற் புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைப் படம்பிடித்தார். மெழுகேற்றிய தாளை அவர் படப்பரப்பாகப் பெரிதும் பயன்படுத்தினார். அது ஒளியை மெல்லவே ஏற்கும் ஆதலின், நடந்து செல்வோர் அதிற் பதியார். கோபுரம் நிற்கும், மண்டபம் நிற்கும், மக்கள் இரார். மருதனார் பாடிய அதே மதுரை, ஒருவரும் இல்லாத ஊர்போல் டிரைப்பின் படங்களில் விளங்குவதற்கு இதுவே பெருங்காரணம். நிலம் உண்டு, பொழுது இல்லை.

அவரது பெரும்பணி ஒன்றைத் தமிழாய்வாளர் மறத்தல் கூடாது. தஞ்சைப் பெரியகோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து ஒன்றோடொன்று இணைத்தார். அதன் நீளம் ஏறத்தாழ 19 அடி. உல்ச்சு கல்வெட்டாய்வாளராக 1886இல் அமர்த்தப்பெறுவதற்கு 28 ஆண்டுகள் முற்பட்டது இது. மெல்ல ஏற்கும் தாள் மாந்தரை இழந்தது, கல்லெழுத்தைக் காத்தது. ஒரே குறை ஓரிடத்துப் பயனாயிற்று.

பாட்டில் வரும் நகரம் புனைவு, ஒளிப்படத்தில் வருவது உண்மை என வாதிடுவோர் உளர். டிரைப்பே இதற்கு மறுப்பு. வெறுமையாய்ப் பதிந்த வானில் முகில்களையும், தெளிவின்றிப் பதிந்த மரங்களில் இலைகளையும் எதிர்படத்தின்மீது வண்ணம் தீட்டி அவர் சேர்த்தார். முகிலை எழுதத் தெரிந்த அக்கைக்கு மாந்தரை எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. புலவனுக்கு உள்ளது போன்ற தெரிவு கருவி ஏந்தியவனுக்கும் உண்டு. ஆதலின் புலவனிடம் கேட்கும் கேள்வியை அவனிடமும் கேட்டல் தகும்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் பிரான்சு நாட்டு இயக்குநர் லூயி மால் 1968இல் இந்தியாவில் எடுத்த காட்சிகள், மறு ஆண்டு ஏழு பகுதிகளாகப் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வெளிவந்தன. இரண்டாம் பகுதி சென்னையைப் பற்றியது. மயிலைத் தேரிழுக்கும் கூட்டத்தினுள் கருவி புகுந்து நிற்கின்றது. டிரைப்பிடம் இல்லாத மக்கள் இங்குத் திரையை நிறைக்கின்றனர். தம் பார்வை அயலான் பார்வை என்பதையும் மால் தம் குரலாலேயே ஒப்புக்கொள்கின்றார். 1970இல் இதனைப் பி.பி.சி. ஒளிபரப்பியபோது இந்திய அரசு சினந்தது; அந்நிறுவனத்தின் தில்லி அலுவலகம் மூடப்பெற்றது. வறுமையைக் காட்டினார் என்பதே குற்றச்சாட்டு. என் குறை வேறு. மாந்தர் முகம் நம்மை நோக்குகின்றது. அவர் பேச்சோ பெரும்பாலும் மாலின் விளக்கவுரையினுள் அமிழ்ந்துவிடுகின்றது. தமிழ் ஓசையாக உள்ளது, பொருளாக இல்லை.

இவ்விருவரினின்றும் வேறுபட்டவர் ஏ. கே. செட்டியார் (1911-1983). கோட்டையூரிற் பிறந்து, இரங்கூனில் ‘தனவணிகன்’ இதழை நடத்தி, டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில், காந்தியடிகளைப் பற்றிய வரலாற்றுப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அதன்பொருட்டு ஏறத்தாழ ஓரிலக்கம் கல் பயணம் செய்து, முப்பது ஆண்டுக் காலத்தில் பலர் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடி, 50,000 அடி திரட்டி, 12,000 அடியாகச் சுருக்கினார். 1940 ஆகஸ்டு 23ஆம் நாள் படம் சென்னையில் வெளிவந்தது.

பயணமும் படக்கருவியும் அவரிடம் கூடிய முறை தனித்தன்மை உடையது. பிறர் புதுக்காட்சி தேடி ஊர் சென்றனர். செட்டியார் பிறர் கண்ட காட்சியைத் தேடி ஊர் சென்றார். ஏடு தேடி அலைந்த உ. வே. சாமிநாதையருக்கு அவர் இவ்வகையில் உறவினர் ஆவார். பதிப்பாசிரியரின் உள்ளமே அவரது உள்ளம். தமிழ்நாட்டைப் பற்றிய பழைய பயணக் கட்டுரைகளைப் பின்னாளில் அவர் தொகுத்ததும், ‘குமரி மலர்’ இதழில் பழைய எழுத்துகளை மீட்டு வெளியிட்டதும் அதே உள்ளத்தின் வேலைகளே.

அவரது உரைநடையும் கருத்தக்கது. ‘உலகம் சுற்றும் தமிழன்’ முதலான நூல்களில் வாக்கியங்கள் சிறியன, அடைமொழிகள் அரியன, வியப்புக்குறி மிக அரிது. பெருநகரின் மாளிகையைவிட அங்குத் தமக்கு வழிகாட்டிய எளியவரின் நடத்தை அவர் கண்ணிற் படுகின்றது. இச்சிக்கனத்தைக் கருவியே அவருக்குக் கற்பித்தது என்பது என் கருத்து. படச்சுருளின் ஒவ்வோர் அடிக்கும் விலை உண்டு. வீண் அடிக்கு இடமில்லை. அடிக்கணக்குப் பார்த்துப் பழகிய கை, சொற்கணக்கும் பார்த்தது. எனினும் ஒன்று கூறல் வேண்டும். அவர் திரைப்படத்தின் நாட்டம் ஒரு மாமனிதர்மீது நின்றது. நகரம் அவருக்குப் பின்புலமே. அவருடைய மருவூர்ப்பாக்கத்தைத் திரையில் தேடுவோர் ஏமாறுவர். நூல்களிலேயே அது கிடைக்கும்.

இனி நம் அண்மைக்கு வருவோம். தென்னிந்தியாவின் முதற் பயணிகள் புகைவண்டி 1856 சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலைக்கு ஓடியது. அவ்வழியில் உள்ளது திருவள்ளூர். அதன் நிலையத்தை அடுத்தது மணவாள நகர். டிரைப் தம் பயணத்தைத் தொடங்குமுன்பே இந்நிலத்தைப் பயணிகள் வண்டிச் சாளரத்தின்வழி கண்டு சென்றனர். இன்றும் கண்டே செல்கின்றனர். திருவள்ளூரைப் பொருளாக்கிய காணொளிகளுள் யான் பார்த்தவை வீரராகவப் பெருமாள் கோயிலிலும், அமாவாசை நாளில் மக்கள் திரளும் குளக்கரையிலும், பூண்டி நீர்த்தேக்கத்திலும் நின்றுவிடுகின்றன. வானூர்திபோல் பறக்கும் சிறு கருவி கோபுரத்தின்மேல் ஒருமுறை சுழலும், பின்னிசை எழும், படம் முடியும். இவை பட்டினப்பாக்கத்துப் படங்கள். டிரைப்பின் வெறுமை தாளின் குறையால் வந்தது. இவற்றின் வெறுமை உயரத்தால் வந்தது.

மணவாள நகரோ நம் காலத்து மருவூர்ப்பாக்கம். காக்களூர்த் தொழிற்பேட்டை ஒருபுறம். திருப்பெரும்புதூர் நோக்கிய சாலைவழித் தொழிற்சாலைகள் ஒருபுறம். மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டிச் சிப்காட். ஒடியாவும் இந்தியும் தமிழும் இப்பகுதித் தேநீர்க் கடைகளிற் கலந்து ஒலிக்கின்றன. யாமங்கள் இங்கும் உண்டு. ‘ஷிப்டு’ என்பது அவற்றின் பெயர். விடியற்காலை நிறுவனப் பேருந்துக்குக் காத்திருப்போரும், இரவுப்பணி முடித்து அதே பேருந்தினின்று இறங்குவோரும் சாலையோரத்தில் ஒருவரையொருவர் கடக்கின்றனர். மருதனார் இருந்திருப்பின் பாட்டை இங்குத் தொடங்கியிருப்பார்.

ஆயின் ஓர் இடர் உண்டு. புகாரின் தொழில்கள் பெரிதும் தெருவிலும் திண்ணையிலும் நிகழ்ந்தன, காண்போர் கண்டனர். இன்றைய தொழில் மதிலுக்குள் நிகழ்கின்றது. பல தொழிற்சாலைகளில் கைப்பேசியை வாயிலிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் உட்செல்லல் வேண்டும். எனவே எத்துணைத் திறமுடைய ஒளிப்படக்காரரும் மதிலையும் வாயிலையும் பேருந்தையும் மட்டுமே காட்ட இயலும். எட்டுமணி நேரம் உள்ளே நின்றவன் என்ன செய்தான், பொறி எவ்வாறு ஓடியது, பக்கத்தில் நின்றவன் எம்மொழியிற் பேசினான் என்பனவெல்லாம், அவன் வெளிவந்து சொன்னாலன்றித் தெரியா.