கடல்கோள் செய்திகள்: ஒருமைப்படுத்தும் வாசிப்பும் பனுவல் வேறுபாடுகளும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுமத்திரா அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்தது. அதன்பின் பண்டை இலக்கியங்கள் கூறும் கடல்கோளும் இத்தகைய பேரலையே என்னும் கருத்து வலுப்பெற்றது. இக்கருத்தைப் பனுவல்கள் எந்த அளவிற்கு ஏற்கின்றன என்பது ஆய்விற்குரியது.

கலித்தொகையின் முல்லைக்கலி, பாண்டியன் நிலத்தைக் கடல் வௌவியதைக் கூறுகிறது; காரணம் எதனையும் சுட்டவில்லை. இழப்பிற்கு ஈடாகப் பாண்டியன் சேர சோழரின் நிலத்தைக் கவர்ந்தான் என்பதே அங்குப் பெறப்படும் செய்தி. சிலப்பதிகாரக் காடுகாண் காதையோ, பாண்டியன் வேலெறிந்த பகையைப் பொறாத கடல் பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கொண்டது என்கிறது. ஈடாக அங்கே அமைவன கங்கையும் இமயமும் ஆகும். மணிமேகலையில் அழிவது நாடன்று, நகரம். மகனை இழந்த துயரில் மன்னன் இந்திர விழாவை மறந்ததால் புகார் கடல்கொள்ளப்படுகிறது. இழந்ததற்கு ஈடு ஏதுமில்லை. ஒன்று அரசனின் ஆற்றலைப் போற்றுகிறது. மற்றொன்று அரசனின் கடமைத் தவற்றைச் சுட்டுகிறது. இவற்றை ஒரே நிகழ்வின் சான்றுகளாக இணைக்கும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

உரைகளிலும் இந்நிலை காணப்படுகிறது. இறையனார் களவியலுரை, இடைச்சங்க காலத்தில் பாண்டிநாடு கடல்கொள்ளப்பட்டதைப் 'போலும்' என்னும் ஐயச் சொல்லுடனேயே கூறுகிறது. அடியார்க்குநல்லாரோ, இளங்கோவடிகள் குறிப்பிடாத 700 காவதம், 49 நாடுகள் என்னும் கணக்கைத் தருகிறார். பிற்காலக் குமரிக்கண்ட வாதம் உரையாசிரியர் தந்த கணக்கை ஏற்று, களவியலுரையின் ஐயத்தை விட்டுவிட்டது. 1864இல் ஸ்கிளேட்டர் விலங்கியல் நோக்கில் முன்மொழிந்த இலெமூரியாவும் இதனுடன் இணைக்கப்பட்டது. கண்டத்தட்டுக் கொள்கை நிலைபெற்றபின் அறிவியலார் இலெமூரியாவைக் கைவிட்டனர்.

ஆழிப்பேரலை என்னும் விளக்கத்திற்கு மற்றுமொரு தடையுண்டு. பேரலை சில மணி நேரத்தில் பெரும்பாலும் பின்வாங்கிவிடும். நூல்கள் கூறும் கடலோ கொண்ட நிலத்தைத் திருப்பித் தருவதில்லை. கரையரிப்பும் கடல்மட்ட உயர்வும் நிலத்தை மெல்ல மெல்லக் கொள்வன. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்த கடல்மட்டம், பல்லாயிரம் ஆண்டுகளில் படிப்படியாக உயர்ந்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததோ புயலால் எழுந்த கடற்பெருக்கு. 'கொள்ளுதல்' என்னும் வினை இவையனைத்திற்கும் இடந்தருவதால், அச்சொல் கொண்டு மட்டும் நிகழ்வின் இயல்பைத் துணிதல் இயலாது.

இதனால் கடல்கோள் செய்திகள் வெறும் புனைவு என்பது பெறப்படாது. கடலின் சீற்றத்தை அறிந்த சமுதாயத்தின் நினைவு அவற்றில் பதிந்துள்ளது எனக் கருத இடமுண்டு. ஆயின் அவை நிகழ்வின் காலத்தையும் அளவையும் உரைப்பதைவிட, அழிவிற்கு யார் பொறுப்பு, இழந்தது எவ்வாறு ஈடு செய்யப்பட்டது என்பனவற்றையே தெளிவாக உரைக்கின்றன. நிலவியல் சான்றுகளை நிலவியலிடமே கேட்டு, பனுவலிடம் பனுவலுக்குரிய வினாக்களை எழுப்புவதே கடல்கோள் ஆய்வு மேற்கொள்ளத்தக்க நெறியாகும்.