ஓநாய் வயிற்றில் ஒரு வாத்து

மிருகங்களைப் பேச வைப்பது கதை எழுதுகிறவனுக்குச் சுலபமான வித்தை என்று ஓர் எண்ணம் உண்டு. பஞ்சதந்திரம் கேட்டு வளர்ந்த எனக்கும் அதில் சந்தேகம் இருந்ததில்லை. ஒருமுறை வானொலிக்காகச் சிறு நாடகம் ஒன்று எழுதினேன். நம்முடைய பாட்டி, காகம், வடை, நரி கதைதான். அதில் நரி வக்கீலைப் போல வாதாடிற்று. காகம் கடன்பட்ட குடும்பஸ்தரைப் போலப் புலம்பிற்று. கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நாடகத்தில் நரியும் காகமும் எங்கே இருந்தன? தோலை உரித்திருந்தால் உள்ளே இரண்டு மயிலாப்பூர்வாசிகள்தாம் அகப்பட்டிருப்பார்கள்.

இந்தக் குறை எனக்கு உறைத்தது, ருஷ்ய இசை மேதை புரோகோபீவின் 'பீட்டரும் ஓநாயும்' கேட்ட பிறகுதான். மாஸ்கோவில் குழந்தைகள் நாடக அரங்கை நடத்திவந்த நத்தாலியா சாட்ஸ் என்ற பெண்மணி கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதியது. 1936 மே 2-ஆம் தேதி அரங்கேறியது. அரை மணிக்குள் முடிந்துவிடுகிற சமாசாரம். ஒருவர் கதை சொல்கிறார்; மற்றதையெல்லாம் வாத்தியங்கள் பார்த்துக்கொள்கின்றன. குருவிக்குப் புல்லாங்குழல், பூனைக்குக் கிளாரினெட், வாத்துக்கு ஓபோ, ஓநாய்க்கு மூன்று ஹார்ன்கள். முணுமுணுக்கிற தாத்தாவுக்குக் கட்டைக் குரலில் பஸ்ஸூன். பீட்டருக்கு வயலின் கோஷ்டி.

கதை சின்னதுதான். பீட்டர் வேலிக் கதவைத் திறந்துகொண்டு புல்வெளிக்குப் போகிறான். அவன் சாத்தாமல் விட்ட கதவு வழியே வாத்தும் வெளியே வருகிறது. தாத்தா பையனை அதட்டி உள்ளே இழுத்துப் போகிறார். காட்டிலிருந்து வந்த ஓநாய் வாத்தை விழுங்கிவிடுகிறது. பிறகு பீட்டர் மரத்தில் ஏறி, குருவியின் ஒத்தாசையோடு சுருக்குப் போட்டு ஓநாயைப் பிடிக்கிறான். எல்லோரும் ஊர்வலமாக அதை மிருகக் காட்சிசாலைக்கு இழுத்துப் போகிறார்கள்.

இதில் என்னை மடக்கிப் போட்டது அந்த ஓபோதான். நம் நாகஸ்வரத்தைப் போல அதுவும் சீவாளி வைத்து ஊதுகிற வாத்தியம். அந்த மூக்கொலியில் வாத்தின் தள்ளாட்டம் இருக்கிறது. கொஞ்சம் அசட்டுத்தனமும், கொஞ்சம் அகம்பாவமும் இருக்கின்றன. இவை மனிதக் குணங்கள்தாம். ஆனால் மனிதக் குரல் இல்லை. ஆகவே வாத்து கடைசிவரை வாத்தாகவே இருக்கிறது. ஓநாய் விழுங்கியதும் ஓபோ நின்றுவிடுகிறது. ஊர்வலமெல்லாம் ஆனபிறகு அது மறுபடி மெல்லக் கேட்கிறது. அவசரத்தில் ஓநாய் வாத்தை உயிரோடேயே விழுங்கிவிட்டதாம்!

கூடவே கேட்டுக்கொண்டிருந்த என் பேத்தி, "அதை யாருமே வெளியே எடுக்கலையா, தாத்தா?" என்றாள். நான் என்ன பதில் சொல்வேன்? கிரிம் சகோதரர்களின் சிவப்புக் குல்லாய்க் கதையில் ஓநாயின் வயிற்றைக் கிழித்துப் பாட்டியைக் காப்பாற்றுகிறார்கள். இங்கே கத்தரிக்கோல் இல்லை. கதவைத் திறந்து விட்ட பையன் வீரனாக முன்னால் போகிறான். அதற்கு விலை கொடுத்த வாத்து உள்ளேயிருந்து கத்திக்கொண்டே போகிறது. பெரியவர்கள் உலகத்தின் வெற்றி ஊர்வலங்களில் எத்தனையோ இப்படித்தான் நடந்திருக்கின்றன.

1938-ல் புரோகோபீவ் ஹாலிவுட்டுக்குப் போய் வால்ட் டிஸ்னிக்கு இதைப் பியானோவில் வாசித்துக் காட்டினார். 1946-ல் டிஸ்னியின் சித்திரப் படம் வந்தது. அதில் வாத்துக்கும் பூனைக்கும் குருவிக்கும் பெயர் உண்டு, நம்மைப் போன்ற முகபாவங்கள் உண்டு. முடிவில் வாத்து சாகவே இல்லை என்று தெரிந்து நாம் நிம்மதியாக மூச்சு விடுகிறோம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவ்வளவு மனித முகத்தைக் கொடுத்த பிறகு கொல்ல மனம் வரவில்லை என்றே எனக்குப் படுகிறது. வாத்து பிழைத்துவிட்டது, கதை செத்துவிட்டது.

சித்திரக் கலையின் குற்றமா இது? அப்படிச் சொல்வதற்கில்லை. மாமல்லபுரத்தில் சுமார் 90 அடி நீளப் பாறையில் பல்லவச் சிற்பி ஒரு பூனையைச் செதுக்கியிருக்கிறான். பெரிய யானைகளின் பக்கத்தில், பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். மனிதனிடமிருந்து அது கடன் வாங்கியது அந்தக் கோலம் ஒன்றைத்தான். பாக்கியெல்லாம் பூனை. அதனாலேயே அந்த எலிகளைப் பார்க்கும்போது சிரிப்பும் வருகிறது, வயிற்றில் பயமும் எழுகிறது. பூனைக்குச் சந்நியாசி முகம் வைத்திருந்தால் சிரிப்போடு போயிருக்கும்.

மிருகத்துக்கு மனிதத் தன்மையைக் கொடுப்பதில் உப்புப் போடுகிற அளவு வேண்டும். என் நாடகத்தை மறுபடி எழுத வாய்த்தால், காகத்தின் வசனத்தில் முக்கால்வாசியை அடித்துவிடுவேன். வடை விழுந்த பிறகு அது ஒன்றும் பேச வேண்டாம். கிளையில் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருக்கட்டும்.