மழை நகரத்தில் அடாப்டிவ் சஸ்பென்ஷன்: பழுது பெட்டியிலா, கம்பியிலா?

ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷனைச் சோதித்துப் பார்க்கத் திருவனந்தபுரம் போல ஓர் ஊர் அமைவது அரிது. கழக்கூட்டத்தில் 2.72 கிலோமீட்டர் நீள மேம்பாலம். அதன் இணைப்புப் பட்டை ஒவ்வொன்றும் சக்கரத்தைத் தட்டிப் பார்க்கும். தெற்கே முக்கோலாவிலிருந்து காரோடு வரை கான்கிரீட் தளம். கிழக்கே கல்லாறு தாண்டினால் பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகள். நகருக்குள் மேடும் இறக்கமும், குழாய்க்காகத் தோண்டி மூடிய சாலைகளும். போதாததற்கு ஆண்டுக்கு இரண்டு பருவமழை, கடலிலிருந்து ஓயாமல் வீசும் உப்புக் காற்று.

இந்தச் சாலைகளில் நான் ஓட்டிப் பார்த்தது இரண்டு இருக்கை கொண்ட ஒரு ஸ்போர்ட்ஸ் கார். காரோடு வந்த சஸ்பென்ஷன் கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய பெட்டியை அதே கனெக்டரில் செருகியிருக்கிறார் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நண்பர். சாவியைக் கொடுக்கும்போதே இரண்டு குறைகளைச் சொன்னார். இடது வளைவில் கார் இறுக்கமாக நிற்கிறது, வலது வளைவில் சாய்கிறது. மழை பெய்தால் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. பெட்டி கெட்டுவிட்டது, வேறு வாங்க வேண்டியதுதான் என்று அவர் முடிவு செய்திருந்தார். வாங்க வேண்டிய தேவையே வரவில்லை. சென்சாரும் கம்பியும் சொல்வதை வைத்துத்தான் இந்தப் பெட்டி முடிவெடுக்கிறது. தவறான தகவல் போனால் எவ்வளவு நல்ல பெட்டியும் தவறாகத்தான் நடக்கும்.

பெட்டி என்ன செய்கிறது?

ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிப் போகிறது. துளை சிறிதானால் இறுக்கம், பெரிதானால் மென்மை. சாதாரண ஷாக்கில் இந்த அளவு நிலையானது. அடாப்டிவ் ஷாக்கில் ஒரு சோலனாய்டு வால்வு அதை ஓட்டத்திலேயே மாற்றுகிறது. காரின் உடல் நொடிக்கு ஒன்றிரண்டு முறைதான் எழுந்து தாழும். சக்கரமோ நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை துள்ளும். இரண்டையும் ஒரே இறுக்கத்தால் அடக்க முடியாது. இதற்கான கணக்கை டீன் கார்னாப்பும் உடன் ஆய்வாளர்களும் 1974-லேயே எழுதிவிட்டார்கள். காந்தத் திரவம் நிரப்பிய மேக்னரைடு 2002-இல் கேடிலாக் செவில் காரில் வந்தது. போர்ஷே 2004-இல் 911 வரிசையில் பாஸ்ம் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது.

வெளிச்சந்தைக் கருவிகளில் இரண்டு வழிகள் உண்டு. டிஎஸ்சி ஸ்போர்ட் போன்றவை காரில் ஏற்கெனவே உள்ள மின்சார ஷாக்குகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றை இயக்கும் பெட்டியை மட்டும் மாற்றுகின்றன. ஜப்பானின் டெயின் நிறுவனத்தின் இடிஎஃப்சி, ஷாக்கின் தலையிலுள்ள திருகைச் சிறு ஸ்டெப்பர் மோட்டாரால் திருப்புகிறது. நான் பார்த்தது முதல் வகை. வேகம், பக்கவாட்டு விசை, பிரேக் அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொரு ஷாக்குக்கும் எவ்வளவு மின்சாரம் தரலாம் என்று அது முடிவு செய்கிறது. அந்தக் கணக்கை லேப்டாப்பில் நாமே மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் பழைய பெட்டி

இந்த வகையில் பழுது பார்க்க மிகச் சிறந்த கருவி, கழற்றி வைத்த பழைய பெட்டிதான். அதை விற்றுவிடாதீர்கள். நாங்கள் அதைத் திரும்பச் செருகியதும் வளைவுகளில் இருந்த இடவல வேறுபாடு மறைந்தது. ஆனால் சக்கர வளைவுக்குள் குழாயால் தண்ணீர் அடித்தபோது விளக்கு மறுபடி எரிந்தது. ஆக, இரண்டு குறைகளும் தனித்தனி. முதலாவது புதிய பெட்டியின் அமைப்பில் இருக்கிறது. இரண்டாவது காரின் வயரிங்கில். இது தெரியும்முன் நண்பர் இணையத்தில் கிடைத்த கணக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றிப் பார்த்திருந்தார். எந்தப் பழுதையும் மென்பொருளில் தேடத் தொடங்கினால் முடிவே கிடையாது. கம்பி, சென்சார், அதன்பின் கணக்கு என்ற வரிசையில் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்.

சாய்ந்த முற்றம் செய்த வேலை

பெட்டிக்குள் இருக்கும் விசை சென்சாருக்கு, கார் சமதளத்தில் நிற்கும்போது ‘இதுதான் பூஜ்யம்’ என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். முள் நடுவில் நில்லாத தராசில் எதை நிறுத்தாலும் கணக்குத் தவறும், இதுவும் அப்படித்தான். இந்தப் பூஜ்யத்தை நண்பர் தன் வீட்டு முற்றத்தில் பதிவு செய்திருந்தார். குன்றின் சரிவில் வீடு. முற்றமும் பக்கவாட்டில் சாய்வு. 20 அடி அகலத்துக்கு 1 அடி சரிவு என்றாலே சென்சார் 0.05 ஜி அளவு பொய் சொல்லும். நேராகப் போகும் காரை மெல்லத் திரும்பும் கார் என்று பெட்டி நினைத்துக்கொள்கிறது. அதனால் ஒரு பக்க வளைவில் முன்கூட்டியே இறுகுகிறது, மறுபக்கம் தாமதிக்கிறது.

சமதளமான தரைத்தள பார்க்கிங்கில், தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, டயர் காற்றைச் சரிசெய்து, பூஜ்யத்தை மீண்டும் பதிந்தோம். பெட்டியைப் பிடித்திருந்த ஒட்டுப்பட்டையை எடுத்துவிட்டு இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கினோம். பெட்டி ஆடினால் அந்த ஆட்டமும் விசையாகத்தான் பதிவாகும். மழைநீர் வடிவதற்காகச் சாலைகளும் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சற்றே சாய்ந்திருக்கும். அதற்கு ஈடாக 0.05 ஜி வரை கணக்கு எதுவும் செய்யாதபடி வைத்தது நல்ல பலன் தந்தது.

களிம்பு ஏறிய கனெக்டர்

மழை விளக்குக்கு மல்டிமீட்டர் போதுமாக இருந்தது. பேட்டரியைத் துண்டித்து, ஒரே அச்சிலுள்ள இடது, வலது ஷாக்குகளின் சோலனாய்டு சுருளின் மின்தடையை அளந்து ஒப்பிட வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். காரை ஆறவிட்டு அளப்பது அவசியம். செம்புக் கம்பி 50 டிகிரி சூடேறினால் மின்தடை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். முன்பக்கம் இரண்டும் ஒத்துப்போயின. பின்பக்கம் வலதுபுறத்தில் எண் கூடியிருந்தது. கம்பியை அசைத்தால் எண்ணும் ஆடியது. கனெக்டரைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. ரப்பர் வளையம் இடம் மாறி, செம்புப் பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

பின்களைப் புதிதாகப் போட்டு, வளையத்தை மாற்றி, மின்கடத்தாத கிரீஸ் தடவினோம். கம்பி கனெக்டருக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விட்டோம். வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். மேலே இன்சுலேஷன் டேப் சுற்றும் பழக்கம் வேண்டாம். உள்ளே புகுந்த உப்புநீரை அது வெளியேற விடாது.

காரின் மின்னணுப் பெட்டிகள் தமக்குள் தகவல் பரிமாறும் கேன் கம்பிகளிலிருந்து இந்தப் பெட்டி தகவல் எடுப்பதால் அதையும் பார்த்தோம். பேட்டரி துண்டித்த நிலையில் அந்த இரண்டு கம்பிகளுக்கு இடையே 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது என்று பொருள். எங்களுக்கு 60 வந்தது. அதன்பின் தண்ணீர் அடித்தபோது விளக்கு எரியவில்லை. அடுத்து வந்த கனமழையிலும் எரியவில்லை.

சரிசெய்த பின் சாலையில்

மேம்பாலத்தின் இணைப்புப் பட்டைகளில் பழைய பெட்டியோடு முதுகெலும்பில் உணர்ந்த தட்டல், இப்போது காதில் மட்டும் கேட்கிறது. கான்கிரீட் தளத்தில் வேறுபாடு குறைவு. அங்கே எழும் இரைச்சல் டயருடையது, ஷாக் அதைத் தீர்க்காது. பெட்டியின் அருமை தெரிவது பொன்முடியில்தான். 12 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 25 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினாலே பக்கவாட்டு விசை 0.4 ஜி ஆகிவிடும். வேகத்தை மட்டும் பார்க்கும் கருவி, கார் மெதுவாகத்தானே போகிறது என்று ஷாக்கைத் தளர்த்தியே வைத்திருக்கும். விசையைப் பார்க்கும் இந்தப் பெட்டி, ஸ்டீயரிங் திரும்பிய கணமே இறுக்கி, வளைவு முடிந்ததும் தளர்த்துகிறது. இறக்கத்தில் பிரேக் மிதித்தால் மூக்கு குத்துவதும் குறைந்திருக்கிறது.

குறைகளும் உண்டு. லேப்டாப் இல்லாமல் எதையும் நுணுக்கமாக மாற்ற முடியாது. பிழை வந்தால் எந்தச் சக்கரம் என்று பெட்டி தானாகச் சொல்வதில்லை. மின்னோட்டப் பதிவைத் திறந்து நாமே ஒப்பிட வேண்டும். தேய்ந்த ஷாக்கை எந்தப் பெட்டியும் இளமையாக்காது. எண்ணெய்க் கசிவு இருந்தால் முதலில் ஷாக்கை மாற்றுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து வாகனம் மாறுபடும்படி மாற்றுவதைத் தடுக்கிறது. இதை உறுதிசெய்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று அளித்த தீர்ப்பு கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் வந்ததுதான். 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே வாங்கும்முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் அனுமதி கேட்டுப் பெறுங்கள். விபத்துக்குப் பின் இழப்பீடு மறுக்கப்பட்டால் பெட்டியின் நேர்த்தி எதற்கும் உதவாது.

வாங்கலாமா?

ஷாக்குகள் நல்ல நிலையில் உள்ள, மலைச்சாலையில் அடிக்கடி ஓடும் காருக்கு, எழுத்தில் அனுமதி கிடைத்தால் இந்தப் பெட்டியை உறுதியாகப் பரிந்துரைப்பேன். நகருக்குள் மட்டுமே ஓட்டுபவர் அதே பணத்தை நல்ல டயருக்கும் புதிய புஷ்களுக்கும் செலவழிக்கலாம்; நிம்மதி அதிகம். கடற்கரை ஊரில் வைத்திருப்பவர் ஜூன் மழைக்கு முன்னும் அக்டோபர் மழைக்கு முன்னும் நான்கு கனெக்டர்களையும் திறந்து பார்த்துவிட வேண்டும். அதற்கு ஒரு காலைப்பொழுது போதும். புதிய பெட்டிக்கு ஆகும் செலவில் சிறு துளிகூட ஆகாது.