சமாதானமும் மிதிவெடியும்: மொசாம்பிக் நாவல் ஒன்று பற்றிய குறிப்பு

போரினாற் சிதைந்த நாடுகளில் உறுதிநிலையை ஏற்படுத்தவும் சமாதானத்தைக் கட்டியெழுப்பவும் செல்வந்த நாட்டு அரசுகள் வழங்கும் உதவி பற்றி அறிக்கைகள் மலிந்துள்ளன. அவ்வுதவி ஒரு சிற்றூரின் வாழ்க்கையினுள் நுழையும்போது நிகழ்வது யாது என்பதைக் காட்டும் இலக்கியங்களோ மிகச் சில. மியா கூட்டோ போர்த்துக்கேய மொழியில் எழுதி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'பூநாரையின் இறுதிப் பறப்பு' அவற்றுள் ஒன்று.

நாவலின் வரலாற்றுப் பின்புலத்தை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும். பிறெலிமோ அரசுக்கும், றொடீசியாவினதும் பின்னர் நிறவெறித் தென்னாபிரிக்காவினதும் ஆதரவு பெற்ற றெனாமோவுக்குமிடையே 1977 முதல் நடைபெற்ற போர், 1992 ஒக்ரோபர் 4 இல் றோம் நகரிற் கைச்சாத்தான உடன்படிக்கையுடன் முடிவுற்றது. ஐக்கிய நாடுகள் அமைப்பு ஏறத்தாழ 6000 படையினரை அனுப்பியது. 1994 இல் தேர்தல் நடைபெற்றது. றெனாமோவை ஓர் அரசியற் கட்சியாக மாற்றுவதற்கெனத் தனி நிதியம் அமைக்கப்பட்டு, அதிற் பெரும்பங்கை இத்தாலி அரசு வழங்கிற்று. இம்முயற்சி வீண் என நாம் கூறவரவில்லை. ஏறத்தாழப் பத்து இலட்சம் உயிர்களைப் பலிகொண்ட போர் நின்றமை சிறிய விடயமன்று.

திசங்காரா என்னும் கற்பனை ஊரில் ஐ.நா. படையினர் ஒருவர்பின் ஒருவராக வெடித்துச் சிதறுகின்றனர். எஞ்சுவன நீலத் தலைக்கவசமும் ஆணுறுப்புமே. விசாரிக்க வருபவன் மாசிமோ றீசி என்னும் இத்தாலியன் (அவன் இத்தாலியனாயிருப்பது தற்செயலன்று). அவனுக்கு மொழிபெயர்ப்பாளனாக அமர்த்தப்படும் உள்ளூரவனே கதைசொல்லி. விந்தை என்னவெனில், றீசிக்குப் போர்த்துக்கேய மொழி தெரியும்; விளங்காதது அம்மொழி பேசப்படும் உலகமே.

இந்நாவலின் உச்சமான பகுதி, மாவட்ட நிருவாகி எஸ்தேவாவ் ஜோனாஸ் தன் மேலதிகாரிக்கு எழுதும் கடிதமாகும். முன்னர் விருந்தினர் வரும்போது வறியோரை மறைத்துவைத்தனர்; இப்போதோ பசியையும் நோயையும் இடிபாடுகளையும் நன்கு தெரியும்படி வைக்கவேண்டியுள்ளது. உதவி வழங்குவோர் அவற்றைத்தானே காண வருகின்றனர்! அகற்றப்பட்ட மிதிவெடிகள் மீளப் புதைக்கப்படுவதும் இத்தர்க்கத்தின் விளைவே. மிதிவெடி உள்ளவரைதான் அதனை அகற்றும் பணம் வரும். உற்பத்தியுடன் தொடர்பற்றதாய், வெளியுதவியைக் கைப்பற்றுவதன் மூலமே செல்வம் திரட்டும் ஒரு புதிய வர்க்கத்தின் பிறப்பை ஆய்வுநூல்கள் பலவற்றினும் கூர்மையாக இக்கடிதம் காட்டுகின்றது எனலாம். ஜோனாஸ் முன்னாட் புரட்சியாளன். விடுதலையின் பின் அரசின் செய்தி நிறுவனத்தை நடத்திய கூட்டோவுக்கு இம்மனிதரைத் தூரத்திலிருந்து ஊகிக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

ஆயினும் அங்கதம் நிருவாகியின் வீட்டு வாசலுடன் நின்றுவிடுகின்றது. அவன் ஒரு நிதியுறவின் கடைசிக் கண்ணி மாத்திரமே. சமாதானத்துக்கு நிதி வழங்கப்பட்ட அதே தசாப்தத்தில், பதப்படுத்தாத மரமுந்திரிகைக் கொட்டையின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்துமாறு உலக வங்கி நிபந்தனை விதித்தது. தொழிற்சாலைகள் மூடப்பட்டு, பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர். மரமுந்திரிகை பற்றி நாவலாசிரியர் எழுதியிருக்கவேண்டும் என்பதன்று எமது வாதம். கொடுப்பவனைப் பிரதிநிதித்துவப்படுத்தும் பாத்திரம் றீசி ஒருவனே. அவனோ குழப்பமுற்ற, காதல்வயப்பட்ட நல்லவன். வாங்குபவனின் கயமை துலக்கமாகத் தெரியும்போது கொடுப்பவனின் நலன் கண்ணுக்குப் புலப்படாது போகின்றது.

நாவலின் இறுதியில் ஆள்வோரின் தீச்செயல்களாற் சினமுற்ற மூதாதையர் நாட்டையே அகற்றிவிட, அவ்விடத்திற் பெரும்பள்ளம் ஒன்றே எஞ்சுகின்றது. இதனை மாயாவாதம் என ஒதுக்குவோருடன் நாம் உடன்படவில்லை; மூதாதையர் பற்றிய நம்பிக்கை மக்கள் தீர்ப்புக்கூறும் ஒரு வழியாகவும் இருந்துவந்துள்ளது. எமது ஆட்சேபம் வேறு. தண்டனை ஆள்வோருடன் மக்களையும் விழுங்கிவிட, இத்தாலியன் மொழிபெயர்ப்பாளனுடன் விளிம்பில் அமர்ந்திருக்கின்றான். நாடு காணாமற்போனதாக எழுதிய அறிக்கையைக் காகிதப் பறவையாக்கிப் பள்ளத்தினுள் விடுகின்றான். அழகிய காட்சிதான், ஆனால் அவ்வறிக்கைக்குக் காத்திருக்கும் அலுவலகத்தை நாவல் ஓரிடத்திலேனும் எமக்குக் காட்டவில்லை.